பழைய ஒலிப்பதிவில் கிடைத்த பழங்குடிப் பாட்டு: எந்த வழியில் எடுப்பது?

சொந்தமாக இசை செய்யும் இளைஞர்களிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. இணையத்தில் தேடும்போது ஒரு பழைய கள ஒலிப்பதிவு கிடைக்கிறது. எங்கோ ஒரு மலைக்கிராமத்தில் அல்லது தீவில், ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆய்வாளர் நீட்டிய மைக்கின் முன்னால் ஒரு பெண் பாடியிருக்கிறார். இரண்டு நிமிடப் பாட்டுதான். கேட்டதும் மனதைப் பிடித்துக்கொள்கிறது. இதை வைத்து ஒரு டிராக் செய்யலாமா? செய்தால் எப்படிச் செய்வது?

அந்தக் குரலையே வெட்டி எடுத்து சாம்பிளாக வைத்துக்கொள்ளலாம். குரலை விட்டுவிட்டு மெட்டை மட்டும் எடுத்து நம் பாடகரை வைத்துப் பாடலாம். ஒலிப்பதிவை வைத்திருக்கும் காப்பகத்திடம் முறையாக உரிமம் வாங்கலாம். அந்த மக்களில் ஒருவரையே அழைத்து அவரோடு சேர்ந்து பாட்டை உருவாக்கலாம். அல்லது தொடாமல் விட்டுவிடலாம்.

இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் காசில் வந்து நின்றுவிடுகிறது. எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்று கேட்கிறார்கள். காசு முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டுக்கு உரியவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்ல நினைத்தால், அதைச் சொல்ல இந்த வழியில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா? எல்லா வழிகளையும் நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். அப்படிப் பார்த்தால், சட்டப்படி சுத்தமாகத் தெரியும் வழிகூட சில சமயம் பின்னுக்குப் போய்விடுகிறது.

சாம்பிளில் தொடங்குவோம். இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அஃபுனக்வாவின் தாலாட்டை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் சாலமன் தீவுகளில் மலைட்டா தீவைச் சேர்ந்த பேகு இனப் பெண். இசை ஆய்வாளர் ஹ்யூகோ செம்ப் 1970 வாக்கில் அவர் பாடியதைப் பதிவு செய்தார். ‘ரொரொக்வேலா’ என்ற அந்தப் பாட்டில், தகப்பன் இறந்துபோன வீட்டில் அழும் சின்னப் பிள்ளையை மூத்த பிள்ளை தேற்றுகிறது. யுனெஸ்கோவின் இசைத்தட்டு வரிசையில் அந்தப் பதிவு வெளிவந்தது.

1992-இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இருவர் குழு அந்தக் குரலை எடுத்து, கீபோர்டும் நடனத் தாளமும் சேர்த்து ‘ஸ்வீட் லலபை’ என்று வெளியிட்டது. உலகம் முழுக்க ஓடியது, விளம்பரங்களிலும் ஒலித்தது. ஆனால் அந்த ஆல்பத்தின் பேச்செல்லாம் மத்திய ஆப்பிரிக்க மழைக்காட்டின் பிக்மி மக்களைச் சுற்றியே இருந்தது. 1996-இல் நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக் அதே மெட்டைத் தன் ஆல்பத்தில் வாசித்தபோது ‘பிக்மி லலபை’ என்றே பெயர் வைத்தார். பசிபிக் கடல் தீவின் பாட்டு ஆப்பிரிக்கப் பாட்டு ஆகிவிட்டது. செம்ப் அதே ஆண்டு இதையெல்லாம் விவரித்து ஆய்விதழில் கண்டித்து எழுதினார். அஃபுனக்வா 1998-இல் இறந்தார்.

கார்பரெக் மட்டமான இசைக்கலைஞர் கிடையாது. அந்த மெட்டை மதித்துத்தான் வாசித்தார். தவறு அவர் கைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. வெட்டிய துண்டு கைமாறக் கைமாற முதலில் பாடியவரின் பெயர் போகிறது, பிறகு ஊர் போகிறது, கடைசியில் பாட்டு எதைப் பற்றியது என்பதும் போகிறது. தகப்பனை இழந்த பிள்ளையின் பாட்டுக்கு மக்கள் கிளப்பில் ஆடினார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டியவர் இந்தக் கதையில் எந்த இடத்திலும் இல்லை. யாரும் அவரைத் தேடவில்லை.

இன்று விலைக்கு விற்கும் சாம்பிள் தொகுப்புகளிலும் இதே நிலைமைதான். ‘ராயல்டி கிடையாது’ என்று எழுதியிருந்தால், விற்பவர் உங்களிடம் மறுபடி காசு கேட்க மாட்டார் என்று அர்த்தம். பாடியவர் சம்மதித்தாரா என்பதற்கு அதில் ஒரு உறுதியும் இல்லை. பாடியவர் பெயரே குறிப்பிடாத தொகுப்பு என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன்.

நல்லெண்ணத்தோடு செய்கிறவர்களை இரண்டாவது வழிதான் அதிகம் இழுக்கிறது. யார் குரலையும் எடுக்கவில்லை, மெட்டு எல்லோருக்கும் பொது, கிரெடிட்டில் ‘மரபுப் பாடல்’ என்றும் போட்டாயிற்று, அப்புறம் என்ன குறை என்று தோன்றும். குறை அந்த ‘மரபுப் பாடல்’ என்ற சீட்டில்தான் இருக்கிறது.

1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் காலோ நிறுவனத்தின் ஸ்டூடியோவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் தன் குழுவோடு ‘ம்புபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போனது. அங்கே பீட் சீகரின் வீவர்ஸ் குழு அதை ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாட்டு என்று எண்ணி ‘விமோவே’ என்ற பெயரில் பாடிப் புகழ்பெற்றது. எழுதியவர் என்று ‘பால் கேம்பெல்’ என்ற புனைபெயர் பதிவானது. 1961-இல் டோக்கன்ஸ் குழு அதே மெட்டில் ஆங்கில வரிகளோடு ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ பாடியது. 1994-இல் அது டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ வரை போனது. லிண்டாவோ தன் உரிமையை வெறும் பத்து ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்திருந்தார். 1962-இல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்கள் சார்பில் 2004-இல் வழக்குப் போட்டு, 2006-இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் குடும்பத்துக்கு முறையான பங்கு வரத் தொடங்கியது.

ஒரு மனிதர் ஒரு ஸ்டூடியோவில் நின்று உருவாக்கிய பாட்டு, கடல் கடந்ததும் ஆளில்லாத பாட்டாகிவிட்டது. ‘மரபு’ என்று எழுதும்போது நாம் அடக்கமாக நடந்துகொள்வதாக நினைக்கிறோம். ஆனால் அந்த நொடியில் ‘இதைக் கேட்க வேண்டிய ஆள் யாரும் இல்லை’ என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். நம் ஊரில் ஒப்பாரி பாடும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். மெட்டு பழையது, ஆனால் இறந்தவரின் பெயரையும் குணத்தையும் உறவையும் வைத்து வரிகளை அந்த நேரத்தில் கட்டுகிறவர் அவர்தான். அந்தப் பாட்டு மரபுக்கும் சொந்தம், அவருக்கும் சொந்தம். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுவது பாதி உண்மை.

நியூசிலாந்து இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்திருக்கிறது. ரக்பி மைதானங்களில் எல்லோரும் பார்க்கும் ‘கா மாட்டே’ ஹக்காவை (ஹக்கா என்பது மாவோரி பழங்குடியினர் ஆடிப் பாடும் பாட்டு) உருவாக்கியவர் ங்காட்டி டோவா என்ற மாவோரி மக்களின் தலைவர் டெ ரவுபராஹா. அதை வணிகத்துக்காக வெளியிடுகிறவர்களும் படத்தில் காட்டுகிறவர்களும் அவர் பெயரையும் அவருடைய மக்களின் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்று 2014-இல் தனிச் சட்டமே போட்டார்கள். காசு தரச் சொல்லவில்லை. பெயரை மட்டும் கேட்டது அந்தச் சட்டம். அந்த மக்கள் நீண்ட காலம் போராடிப் பெற்றது அது. மெட்டை மட்டும் எடுக்கும் வழியில் போகிறவர்கள் குறைந்தது இந்த அளவுக்காவது வர வேண்டும்: எந்த மக்கள், எந்த ஊர், யார் பாடினார், யார் பதிவு செய்தார், எந்த ஆண்டு. ஆனாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் இடம் இந்த வழியில் தானாக வராது. தேடிப்போய்க் கேட்டால்தான் உண்டு.

காப்பகத்திடம் உரிமம் வாங்குவது பார்க்க மிகவும் ஒழுங்கான வழி. கடிதம், கட்டணம், கையெழுத்து எல்லாம் இருக்கும். இந்த வழியில் இரண்டு கதைகள் உண்டு, இரண்டும் வெவ்வேறு பக்கம் இழுக்கின்றன.

முதல் கதை தைவானில் நடந்தது. அமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங்கும் அவர் மனைவி இகாயும் ஊரில் மதிக்கப்பட்ட பாடகர்கள். 1988-இல் ஐரோப்பாவுக்கு நிகழ்ச்சிக்குப் போனபோது பாரிஸில் உள்ள ஒரு பண்பாட்டு நிறுவனம் அவர்கள் பாடியதைப் பதிவு செய்து வெளியிட்டது. சில ஆண்டுகள் கழித்து எனிக்மா என்ற ஐரோப்பிய இசைக்குழு அந்தக் குரல்களை ‘ரிட்டர்ன் டு இன்னசன்ஸ்’ பாட்டில் வைத்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் விளம்பரம் வரை அந்தக் குரல் ஒலித்தது. உரிமத் தொகை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது போனது அந்தப் பாரிஸ் நிறுவனத்துக்கு. பாடிய தம்பதிக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாது. 1998-இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், 1999-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அதன் பிறகே கிரெடிட்டில் அவர்கள் பெயர் வந்தது. ஆக, காகிதம் சரியாக இருந்தும் கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை.

இரண்டாவது கதை எனக்கு நம்பிக்கை தருவது. 1959-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ், சிறைக் கைதிகள் மரம் வெட்டிக்கொண்டே பாடிய ‘போ லாசரஸ்’ பாட்டைப் பதிவு செய்தார். முன்னால் நின்று பாடியவர் ஜேம்ஸ் கார்ட்டர். 2000-இல் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்தில் அந்தப் பதிவு இடம்பெற்று, அதன் இசைத்தொகுப்பு பல இலட்சக்கணக்கில் விற்றது. லோமாக்ஸின் காப்பகத்தைச் சேர்ந்தவர்கள் கார்ட்டரைத் தேடத் தொடங்கினார்கள். 2002-இல் சிகாகோவில் அவரைக் கண்டுபிடித்தார்கள். அப்போது அவருக்கு 76 வயது. முதல் தவணையாக 20,000 டாலர் காசோலையைக் கையில் கொடுத்தார்கள். அந்த ஆண்டு கிராமி விருது விழாவுக்கும் அவர் போனார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து இதெல்லாம் நடந்ததற்கு முதல் காரணம், லோமாக்ஸ் அன்றைக்கே பெயரை எழுதி வைத்திருந்தார். இரண்டாவது காரணம், காப்பகத்தில் இருந்தவர்கள் அந்தப் பெயரைத் தேடிப்போகத் தயாராக இருந்தார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: கார்ட்டருக்குப் பணமும் மரியாதையும் வந்தன, பாட்டைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அவரிடம் வரவில்லை. கைதியாக இருந்தபோது மைக்கின் முன் பாடினாரே, அதுவும் எவ்வளவு தூரம் அவர் விருப்பம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்த வழியில் போகிறவர்கள் சட்டத்தை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. இங்கே ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு, 60 ஆண்டுகள். பாடியவருக்கு ‘நிகழ்த்துநர் உரிமை’ என்று ஒன்று 1994 திருத்தத்தில்தான் வந்தது. தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமை 2012 திருத்தத்தில் சேர்ந்தது. அதற்கும் முன்னால் பதிவான ஒரு பழங்குடிப் பாட்டைப் பாடியவருக்கு அதில் பிடிமானம் குறைவு. ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் சொந்தமான பாட்டு என்பதைச் சொல்ல நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமே இல்லை. உலக அளவிலும் பெரிய முன்னேற்றம் கிடையாது. 2024 மே மாதம் ஜெனீவாவில் மரபணு வளங்கள், மரபு அறிவு பற்றி ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. பாட்டும் ஆட்டமும் கைவினை உருவங்களும் அதற்குள் வரவில்லை. இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கின்றன. எனவே ‘சட்டப்படி சரி’ என்ற பதில் இந்த விஷயத்தில் மிகக் குறைவாகவே ஒன்றைச் சொல்கிறது.

நல்ல காப்பகம் எது என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பாடியவரின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். பதிவு செய்தபோது எதற்கெல்லாம் சம்மதம் வாங்கினார்கள் என்று கேளுங்கள். குடும்பத்தோடு இப்போது தொடர்பு உண்டா என்றும் கேளுங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம், 1982-இல் தொடங்கப்பட்டு இப்போது குருகிராமில் இருக்கும் இனவரைவியல் இசை ஆவணக்காப்பகம் போன்ற இடங்களில் இந்தக் கேள்விகள் யாருக்கும் புதிதாக இருக்காது. கேட்டதும் கட்டண விவரத்தை மட்டும் அனுப்பும் இடமாக இருந்தால், அங்கே உங்கள் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

சேர்ந்து செய்யும் வழிக்கு வருகிறேன். என் விருப்பம் இதுதான். இதிலும் சிக்கல் உண்டு, ஆனால் சிக்கல்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசக் கூடியவை.

1985-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் ஜோகன்னஸ்பர்க் போனார். அடுத்த ஆண்டு வந்த ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பத்தில் அங்குள்ள கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தார்கள், பாடினார்கள். அவர்களுக்கு நியூயார்க் தொழிற்சங்க விகிதத்தைப் போல மூன்று மடங்கு ஊதியம் கொடுத்தார். சில பாடல்களில் எழுத்துரிமையையும் பகிர்ந்துகொண்டார்; லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ குழுவின் ஜோசப் ஷபலாலா ‘ஹோம்லெஸ்’ பாட்டின் இணை ஆசிரியர். அந்தக் குழுவுக்கு அதன் பிறகு உலக மேடைகள் திறந்தன. லிண்டாவின் பத்து ஷில்லிங்கிலிருந்து இது எவ்வளவோ தூரம்.

ஆனாலும் அப்போது தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தது. அந்த நாட்டோடு கலைத் தொடர்பு வைக்கக் கூடாது என்று ஐ.நா. 1980-இல் கேட்டுக்கொண்டிருந்தது. விடுதலை இயக்கம் முன்வைத்த புறக்கணிப்பை ஒரு வெளிநாட்டுப் பாடகர் தன் விருப்பப்படி தாண்டலாமா என்ற கேள்வி எழுந்தது. ஸ்டூடியோவில் வாசித்தவர்கள் சரி என்றார்கள். அந்த மக்களின் போராட்டம் வேண்டாம் என்றது. இதில் யாருடைய சொல் நிற்கும்? எனக்கு இதற்குச் சுலபமான பதில் கிடையாது. ஆனால் சேர்ந்து செய்யும்போது இந்தக் கேள்வி உரக்க எழ முடிந்தது. பத்திரிகைகளில் சண்டை நடந்தது, சைமன் நேரில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் தங்களுக்கு எழுத்துரிமைப் பங்கு தரவில்லை என்று அமெரிக்காவின் லாஸ் லோபோஸ் குழுவும் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. சேர்ந்து வாசித்தால் மட்டும் போதாது. யார் என்ன எழுதினார்கள் என்பதை ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே காகிதத்தில் எழுதிவிட வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது.

நமக்குப் பக்கத்தில் அட்டப்பாடியில் இருக்கிறார் நஞ்சியம்மா. இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர். 2020-இல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ மலையாளப் படத்தில் ‘களக்காத்த’ பாட்டை இருளர் மொழியிலேயே பாடினார். படக்குழு அந்த மெட்டை எடுத்து ஒரு பயிற்சி பெற்ற பாடகரிடம் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பாட்டு அவர் வாயிலிருந்தே வந்தது, பாடலாசிரியர் என்றும் அவர் பெயர் வந்தது. 2022-இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, முறையான இசைப் பயிற்சி இல்லாதவருக்கா என்று ஒரு குரல் கிளம்பியது. பெயர்பெற்ற பல இசைக்கலைஞர்கள் நஞ்சியம்மாவின் பக்கம் நின்றார்கள். தமிழ் கேட்கிறவர்களுக்கு அந்தப் பாட்டின் வரிகள் பாதிக்கு மேல் புரியும். நம் மொழிக்கு அவ்வளவு நெருங்கிய மொழியில், நம் மலைகளிலேயே பாடகர்கள் இருக்கும்போது, தொலைவிலிருந்து வந்த ஒரு சாம்பிள் கோப்பைத் தேடி ஏன் போகிறோம் என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தொடாமல் விடுவதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். சில பாட்டுகளுக்கு அதுதான் சரி. நீலகிரியின் கோத்தர் மக்களிடம் தெய்வத்துக்கு வாசிக்கும் மெட்டுகள் வேறு, சாவுக்கு வாசிப்பவை வேறு; ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வாசிக்க மாட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது என்று சாவு மெட்டை எடுத்துக் கல்யாண வீடியோவுக்குப் பின்னணி ஆக்கினால், எந்தக் கட்டணமும் அதைச் சரி செய்யாது. ஆஸ்திரேலியாவின் பல பழங்குடிச் சமூகங்களில் துக்க காலத்தில் இறந்தவரின் குரலை ஒலிக்க விடுவதே தவறு. சடங்குப் பாட்டு, சாவுப் பாட்டு, ஒரு பாலினத்தார் மட்டும் பாடும் பாட்டு என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். என்ன பாட்டு என்றே தெரியாவிட்டால், தெரியும் வரை விடுங்கள்.

இப்போது முடிவுக்கு வருவோம். பாடியவரோ அதே ஊரில் அந்தப் பாட்டைப் பாடுகிறவர்களோ இருந்தால் சேர்ந்து செய்யுங்கள். சின்ன பட்ஜெட்டில் முடியாது என்பார்கள். மிக்ஸிங்குக்கும் வீடியோவுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்ப முடியும். பேசிய தொகையைப் பாட்டு வெளிவந்தாலும் வராவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் கைக்காசு போகும் நிலைமை ஆகிவிடும், பிறகு அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லை. எழுத்துரிமையில் பாதி அவர்கள் பெயரில் இருக்கட்டும். இந்த ஒரு டிராக்குக்கு மட்டும் சம்மதம், விளம்பரத்துக்கோ ரீமிக்ஸுக்கோ மறுபடி கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதைத் தமிழிலோ அவர்கள் மொழியிலோ, ஊரில் அவர்கள் நம்பும் படித்த ஒருவரை வைத்து வாசித்துக் காட்டுங்கள். வெளியீட்டுக்கு முன் முழுப் பாட்டையும் அவர்கள் கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். யூடியூப் விவரத்தில் மட்டும் பெயர் போட்டால் போதாது, ஒலிக்கோப்பின் உள்விவரத்திலும் எழுதுங்கள். கோப்பு கைமாறும்போது அஃபுனக்வாவுக்கு நடந்தது அப்போதாவது குறையும்.

பாடியவர் இறந்துவிட்டார், பதிவு காப்பகத்தில் மட்டுமே இருக்கிறது என்றால் உரிமம் வாங்கும் வழிதான் மிச்சம். ஆனால் கட்டணத்தோடு தேடலையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஊருக்குப் போய், பதிவின் பிரதி ஒன்றைக் குடும்பத்திடம் கொடுத்து, அவர்கள் கேட்ட பிறகு பேசுங்கள். பல வீடுகளில் அந்தக் குரலைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்டே இருக்க மாட்டார்கள். பாட்டுக்கு ஒரு குடும்பம் மட்டும் உரிமை கொண்டாடுவதில்லை, ஊர் முழுக்கப் பாடுகிறது என்றால், ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும், பாடும் பெண்களிடம் தனியாகவும் கேட்க வேண்டும். தாலாட்டைப் பற்றி ஆண்கள் மட்டும் உட்கார்ந்து சம்மதம் சொல்வதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தேடியும் யாரும் கிடைக்கவில்லை, எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால், அந்த மௌனத்தை ஒப்புதல் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. டிராக்கில் அந்தக் குரல் இருந்த இடத்தில் உங்கள் சொந்த மெட்டை வைத்து முடியுங்கள். கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். பதில் ஒரு வருடம் கழித்துக்கூட வரலாம், அப்போது வேறொரு பாட்டைச் சேர்ந்து செய்யலாம்.